பொன்னாடைக்குப் பயந்தவன்

என் கார் பூட்டில் உதிரி டயர் இருக்கிறதோ இல்லையோ, பொன்னாடை இருக்கும். வயிற்றுப்பாட்டுக்கு நான் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் ஒரு மின்சாரச் சாமான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மற்ற நேரமெல்லாம் எங்கள் கோயில் நிர்வாகத்தின் செயலாளர். யாரையாவது கண்டால் எதையாவது போர்த்திவிட வேண்டும் என்று கை அரிக்கும். தலைமையாசிரியர்கள், அரசியல்வாதிகள், கோயில் குழாயை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தவர் என்று என்னிடம் வாங்கிக்கொண்டவர்கள் ஏராளம். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டருக்குக்கூடப் போர்த்தினேன். வாயில் பஞ்சு இருந்ததால் பாராட்டுரை மட்டும் நிகழ்த்த முடியவில்லை. அது இன்றும் எனக்கு ஒரு குறைதான்.

இந்தப் பழக்கத்தை என் மனைவி வியாதி என்பாள். ஆனால் இதே வியாதிதான் என் தங்கை மகளை ஒரு பிள்ளை பிடிக்கிறவனிடமிருந்து காப்பாற்றியது. ஆயர் ஈத்தாமில் பட்டப்பகலில், எங்கள் குடும்பமே சூழ்ந்து நிற்க, அவனுடைய வேனில் ஏறுவதற்கு அவள் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டாள். ஏற்றிவிடப் போனவர்களே நாங்கள்தான்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு பேச்சாளர் வந்து குழந்தை அடிமை முறையைப் பற்றிப் பேசினார். கொக்கோ தோட்டத்தில் மூட்டை தூக்கும் பிள்ளைகள், செங்கல் சூளையில் வேகும் பிள்ளைகள், மீன்பிடிப் படகிலிருந்து கரையையே காணாத பிள்ளைகள் என்று திரையில் படம் படமாகக் காட்டினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே, சமையற்கட்டில் வடை பொரியும் வாசனையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நன்றியுரையில், "உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது!" என்று உருக்கமாகக் கேட்டேன். உலகம் என்று நான் சொன்னதில் ஜொகூர் சேர்த்தி இல்லை. அவருக்கும் பொன்னாடை போர்த்தினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, அப்போது பதினேழு வயது. பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டுக் கைப்பேசியும் கையுமாகக் கிடந்தாள். அந்தக் கைப்பேசிக்குள்ளிருந்துதான் வேலை வந்தது. தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் பெரிய ஹோட்டலில் வரவேற்பாளர் பயிற்சி, தங்க இடம் இலவசம், சாப்பாடு இலவசம், ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்றார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் விடியுமுன் எழுந்து பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டு, இருட்டியபின் வீடு வருகிறவர்கள். வெளிநாட்டு வேலை என்றால் நாங்கள் புருவத்தைக்கூட உயர்த்துவதில்லை.

ஒரே ஒரு நிபந்தனைதான் இடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆயர் ஈத்தாமில் மண்பாண்டக் கடைகளுக்கு முன்னால் கம்பெனி வேன் வரும், தனியாக வந்து ஏறிக்கொள்ள வேண்டும், வீட்டார் யாரும் வரக்கூடாது என்றார்கள்.

"கம்பெனிக்கு அது பிடிக்காதாம்மா," என்றாள் மருமகள்.

"கம்பெனிக்குப் பிடிக்காட்டி கம்பெனி திரும்பி நிக்கட்டும். பெத்தவ நானு," என்று சொல்லிவிட்டு என் தங்கை உடனே குடும்ப வாட்சாப் குழுவில் செய்தியைப் போட்டாள். எங்கள் குழுவில் காலை வணக்கத்துக்கே பதில் மழை கொட்டும். இதற்குக் கேட்கவா வேண்டும்? மூவாரிலிருந்து ஒரு கார் வருவதாக அறிவித்தது. யாரையாவது ஊருக்கு அனுப்புவது என்றால் எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒருவர் போவார், அனுப்பக் கல்யாணக் கூட்டம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை கார்ச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, மூன்று கார்களில் கிளம்பினோம். தங்கை ஒரு சட்டிப் புளிச்சோறு கிண்டியிருந்தாள். என் மனைவி கோழி சம்பால். தங்கையின் கணவர், அதாவது என் மச்சான், புதிதாக வாங்கிய கைப்பேசியை ஒரு குச்சியில் மாட்டிக்கொண்டு வந்தார். மருமகள் மட்டும் பின் சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "மானம் போச்சு, மானம் போச்சு" என்று வழிநெடுக முணுமுணுத்தாள்.

வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. கண்ணாடியெல்லாம் கறுப்பு. மண் உண்டியல்களும் பீங்கான் சேவல்களும் அடுக்கியிருந்த கடை ஓரத்தில் நின்றது. ஓட்டி வந்தவனே இறங்கினான். முப்பது வயதிருக்கும், தேய்த்த சட்டை, காலில் பளபள சப்பாத்து, நல்ல தமிழ். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்க தம்பி, வாங்க. எந்தத் தோட்டம் நீங்க?" என்று ஆரம்பித்தாள் என் தங்கை. ரப்பர்த் தோட்டமெல்லாம் வீடமைப்புப் பகுதியாகி எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும் முன்பின் தெரியாத தமிழரைப் பார்த்தால் எங்கள் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

"கே.எல். ஆன்டி," என்று தலைநகரைச் சொன்னான்.

"அது சரி. கே.எல்.லுக்கு முன்னாடி?"

"கே.எல்.லேதான் ஆன்டி."

"அப்பா எந்தத் தோட்டம்? அம்மா பக்கம்?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "டைம் ஆச்சு ஆன்டி. பாஸ்போட்ட குடுங்க, நான் பத்திரமா வச்சுக்கிறேன்."

"நல்லதாப் போச்சு. இவ எதையும் தொலைச்சிருவா. நீங்களே வச்சுக்குங்க தம்பி," என்று என் தங்கை கைப்பையைத் திறந்தாள். எவ்வளவு பொறுப்பான பையன் என்று அவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. கடப்பிதழ், புளிச்சோற்றுப் பொட்டலங்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதற்குள் மருமகள் வேன் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"உள்ள ஒரு புள்ள உக்காந்திருக்குங்க!" என்று கூவினாள் என் மனைவி. எட்டிப் பார்த்தால், பின் சீட்டில் பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா, எங்கேருந்து வர்ற? சாப்டியா?"

"பொந்தியான். சாப்டல ஆன்டி."

அவ்வளவுதான். சாப்பிடாத பிள்ளை என்று தெரிந்துவிட்டால் என் மனைவியைப் போலீஸ் வந்தாலும் தடுக்க முடியாது. அவன், "வேணாம் ஆன்டி, வழியில வாங்கிக் குடுப்போம்" என்று சொல்லச் சொல்ல, அவளைக் கையைப் பிடித்து இறக்கி, கழிவறைக்குக் கூட்டிப்போய், முகம் கழுவவைத்து, பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துவிட்டாள்.

நான் இந்த இடைவெளியை வீணாக்கவில்லை. கார் பூட்டைத் திறந்து பொன்னாடையை எடுத்து உதறினேன். மச்சான் குச்சியை நீட்டினார். "மாமா, வேணாம் மாமா, ப்ளீஸ்லா!" என்று மருமகள் வேனிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். நான் விடுவேனா?

"அன்புச் சொந்தங்களே! நம் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு வழிகாட்ட வந்திருக்கும் இந்த இளம் அதிகாரியை..." என்று தொடங்கி, அவன் சுதாரிப்பதற்குள் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டேன். கூட்டம் கை தட்டியது. கடைக்காரச் சீனரும் சேர்ந்து தட்டினார்.

"லைவ்ல போவுது தம்பி, இங்க பாருங்க!" என்றார் மச்சான். "பேஸ்புக்ல நம்ம ஆளுங்க பூரா பாக்குறாங்க. அப்படியே வேன் நம்பரோட ஒன்னு எடுத்துக்கிறேன்."

அவன் நான் போர்த்திய பொன்னாடையாலேயே முகத்தை மூடிக்கொண்டான். அப்படி ஒரு பணிவை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. "பாத்தியா அடக்கத்த!" என்று தங்கையிடம் சொல்லி முடிப்பதற்குள் அவன் வேனுக்குள் பாய்ந்து, கதவு சரியாக மூடாமலே கிளப்பிக்கொண்டு போய்விட்டான். தோளில் பொன்னாடை, வெளியே தொங்கியபடி.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

முதலில் வெடித்தவள் மருமகள். "திருப்தியா மாமா? என் வேலை போச்சு! யாராவது ஹெச்.ஆர்.க்கு பொன்னாடை போத்துவாங்களா?" ஓவென்று அழுதாள். எனக்கும் குற்ற உணர்ச்சி பிடுங்கியது. பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினேன்.

ஆனால் அந்தப் பொந்தியான் பிள்ளை செய்தது வேறு. சோற்றுக் கையோடு எழுந்து வேனுக்குப் பின்னால் சாலையில் ஓடினாள். மச்சான்தான் ஓடிப் பிடித்து நிறுத்தினார். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவளை உரசிக்கொண்டு போயிற்று.

"எதுக்கு என்னை இறக்குனீங்க? யாரு சோறு கேட்டா உங்கள?" என்று என் மனைவியைப் பார்த்துக் கத்தினாள். முகம் வெளுத்திருந்தது. "நான் அதுல போகணும். போய்த்தான் ஆகணும்."

ஒரு வேலைக்காக இப்படியா என்று எங்களுக்கு ஆச்சரியம். சொந்தப் பிள்ளையின் வாய்ப்பைக் கெடுத்தது போதாதென்று ஊரார் பிள்ளையின் வாய்ப்பையும் கெடுத்துவிட்டோம். செயலாளர் என்ற முறையில் நிலைமையைச் சீர்செய்ய வேண்டியது என் கடமை. அவளிடமிருந்து அவன் நம்பரை வாங்கிப் போன் போட்டேன்.

"தம்பி, மன்னிச்சுக்குங்க. புள்ளைங்க ரெண்டும் இங்கதான் இருக்கு. திரும்பி வாங்க, இனிமே பேச்சே கிடையாது."

"திரும்பல்லாம் முடியாது அங்கிள். நான் ஹைவே ஏறிட்டேன். நீங்க மட்டும் அந்தப் பொந்தியான் புள்ளைய ஹைவேல பாகோ ஆர் அண்ட் ஆர், அந்த ரெஸ்ட் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டு வாங்க. வேற யாரும் வேணாம்."

"அப்ப எங்க புள்ள?"

"உங்க புள்ள வேணாம் அங்கிள். குடும்பம் பெரிசா இருக்கு."

இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. குறைந்த மதிப்பெண் என்று ஒதுக்கலாம், ஆங்கிலம் போதாது என்று ஒதுக்கலாம். குடும்பம் பெரிசு என்று ஒரு பிள்ளையை ஒதுக்குவார்களா? "என்ன கம்பெனிடா இது," என்று மருமகளே அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள். ஆனாலும் பொந்தியான் பிள்ளையின் கண்ணீரைப் பார்த்து மனம் இளகிவிட்டது. தனியாக வா என்று சொன்னானே என்று என் மனைவியை இறங்கச் சொன்னேன். அவள் ஏற்கெனவே முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆக, அவனிடமே கொண்டுபோய் ஒப்படைப்பதற்காக நானே அந்தப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வடக்கே போனேன். ஏசியைக் கூட்டி வைத்தேன். "கவலப்படாதம்மா, அந்தத் தம்பிகிட்ட நான் பேசறேன்" என்று தைரியமும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

யோங் பெங்கை நெருங்கும்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அங்கிள், ஒரு விஷயம். அந்த லைவ் வீடியோவ அழிக்கச் சொல்லுங்க. பொன்னாடை போட்ட படம், வேன் படம், ஒன்னுகூட இருக்கக்கூடாது. இப்பவே அழிக்கணும். அழிச்சாத்தான் புள்ளைய ஏத்துவேன்."

பொன்னாடை விஷயத்தில் என் அனுபவம் பெரியது. பொன்னாடை சின்னதாக இருக்கிறது என்று முகம் சுளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படத்தில் கண் மூடிவிட்டது, இன்னொன்று எடுங்கள் என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்திரிகையில் வரவில்லையே என்று வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவர்களும் உண்டு. பொன்னாடை போட்ட படத்தை அழிக்கச் சொன்ன மனிதனை மட்டும் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. நல்லவன் எவனும் அப்படிக் கேட்க மாட்டான். மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனைத் துண்டித்துவிட்டு யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினேன். சுங்கச் சாவடியைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினேன்.

"ஏன் நிக்கிறீங்க அங்கிள்? பாகோ இன்னும் வரல."

"யாரும்மா அவன்?"

"கம்பெனி ஆளு."

"உண்மையச் சொல்லும்மா. நாங்க திட்ட மாட்டோம்."

"எனக்குத் தெரியாது அங்கிள். சித்தப்பாவுக்குத்தான் தெரியும். அம்மா இல்ல. சித்தி வீட்டுலதான் இருக்கோம். சித்தப்பாதான் இவருகிட்ட பேசினாரு." கதவைத் திறக்கப் பார்த்தாள். பிள்ளைப் பூட்டு போட்டிருந்தது. "போலாம் அங்கிள், ப்ளீஸ். அங்க நல்ல வேலை இல்லன்னு எனக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா போற?" என்று கேட்டாள் என் மனைவி.

"நான் போகலன்னா தங்கச்சிய அனுப்பிருவாங்க ஆன்டி."

சோற்றுக் கையோடு அவள் சாலையில் ஓடியது கண்ணுக்குள் வந்து நின்றது. அவள் அந்த வேனைப் பிடிக்க ஓடவில்லை, தங்கையை அதில் ஏறவிடாமல் தடுக்க ஓடியிருக்கிறாள். நாங்கள் அவளை அதிலிருந்து இறக்கி, புளிச்சோறு கொடுத்து, கை வேறு தட்டியிருக்கிறோம். என் மனைவி இறங்கிப் பின் சீட்டுக்குப் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

"தங்கச்சிக்கு எத்தனை வயசும்மா?"

"பதினொன்னு."

நேரே போலீஸ் பாலாயில் கொண்டுபோய் நிறுத்தினேன். காவல் நிலையத்தில் இருந்த மலாய் இன்ஸ்பெக்டர் அம்மா, மச்சான் போட்ட வீடியோவை முழுவதும் பார்த்தார். என் உரையையும் சேர்த்து. வேன் எண் வந்த இடத்தில் நிறுத்தி, "என்சிக், பாகுஸ்" என்றார். நல்ல வேலை செய்தீர்கள் என்று ஒரு காவல் அதிகாரி என்னைப் பார்த்துச் சொன்னது அதுவே முதல் முறை. பாகோவில் எங்களுக்காகக் காத்திருந்தவனைப் பார்க்க எங்களுக்குப் பதில் அவருடைய ஆட்கள் போனார்கள். அவன் பிடிபட்ட கதையை நான் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லியாகிவிட்டது, இங்கே வேண்டாம்.

எனக்கு அன்று அவனைப் பற்றிய நினைப்பே இல்லை. அந்நேரம் அவன் அந்தப் பிள்ளையின் சித்தப்பனுக்குப் போன் போட்டு, தங்கச்சியைக் கிளப்பச் சொல்லியிருப்பான் என்பது மட்டுமே மனதில் ஓடியது. இன்ஸ்பெக்டர் பொந்தியானுக்குத் தகவல் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓட்டினேன். எனக்குப் பின்னால், செய்தி கேட்டு யோங் பெங்குக்கே வந்துவிட்ட தங்கையின் கார், அதற்குப் பின்னால் மூவார்க் கார். வரவேண்டாம் என்று சொன்னாலும் கேட்கிற குடும்பமா எங்களுடையது? வழியெல்லாம் செம்பனைத் தோப்பு. என் மனைவி வாய்க்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். வாழ்க்கையில் ஒரு முறைகூட நான் அவ்வளவு வேகமாகக் கார் ஓட்டியதில்லை.

வெயில் தாழும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பலகை வீடு. வாசலில் பொந்தியான் போலீஸ் வண்டி முன்பே வந்து நின்றது. சித்தப்பன் கைகட்டிக்கொண்டு ஒரு போலீஸ்காரரிடம் பவ்வியமாகப் பேசிக்கொண்டிருந்தான். சித்தி கதவோரம் தலையைக் குனிந்தபடி நின்றாள். படியில் அந்தச் சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். தீபாவளிக் கவுன், இரண்டு பின்னல், முகம் நிறையப் பவுடர். பக்கத்தில் பள்ளிக்கூடப் பை புடைத்துக்கொண்டு இருந்தது.

இன்ஸ்பெக்டரின் வண்டியிலிருந்து அக்கா இறங்குவதைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். ஓடி வரவில்லை. எங்கள் மூன்று கார்களையும், இறங்கிய கூட்டத்தையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். யார் கூட்டிப்போக வந்தவர்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீ வந்துட்டியாக்கா?" என்றாள். "அப்ப நான் போக வேணாந்தானே?"

பதில் வருவதற்குள் குனிந்து சப்பாத்தைக் கழற்ற ஆரம்பித்தாள்.